தோளறிந்து பை தேடுக



கடந்த பொங்கல் விடுமுறையில் எம் பங்கின் மறைக்கல்விச் சிறுவர் சிறுமியரை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், மங்கலமேட்டிற்கு அருகே சாலையிலிருந்தே கண்ணிற்படும் கற்கோட்டை அது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் அதனைக் கட்டுவித்தார் என்பர். 1751-ஆம் ஆண்டில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமுமாக மோதிக்கொண்ட வாலிகண்டபுரத்துப் போர் இப்பகுதியில்தான் நிகழ்ந்தது. சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்றுக்குமேல் ஒன்றாக உயர்ந்து செல்லும் மதில்கள். பிள்ளைகளுக்கு வரலாறும் தெரியட்டும், காலுக்கும் வேலை கிடைக்கட்டும் என்பதே எங்கள் எண்ணம்.

நாற்பது பிள்ளைகள். நாற்பது முதுகுகளிலும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் நீல நிறப் பைகள். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று பங்கின் சார்பில் நாங்கள் அளித்த அன்பளிப்பு அது. கோட்டையின் படிகளில் அந்நீல வரிசை ஏறிச் செல்வதைக் கண்டு, ஒளிவானேன், என் நெஞ்சம் சற்றுப் பெருமிதங்கொண்டது.

அப்பெருமிதம் நீண்ட நேரம் நிலைக்கவில்லை. வரிசையின் கடைசியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, இரு கைகளாலும் பையின் வார்களை இறுகப் பற்றிக்கொண்டு, வில்லாக வளைந்து ஏறிக்கொண்டிருந்தாள். இறங்கும்போதுதான் அந்த விபத்து நேர்ந்தது. அவளுடைய இடுப்பிற்கும் கீழே தொங்கிய பையின் அடிப்பாகம் பின்படியில் இடித்து அவளை முன்னே தள்ளிவிட்டது. கீழ்ப்படியில் நின்ற மறையாசிரியை எட்டிப் பிடித்திராவிடில் அவள் உருண்டிருப்பாள். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று, இறைவனுக்கு நன்றி.

மரநிழலில் அமரவைத்து, "ஏன்மா, பைக்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுத் திறந்து பார்த்தேன். மூன்று பேருக்கான புளிச்சோற்று டப்பா, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் போத்தல், குடை, உட்காருவதற்கு ஒரு போர்வை, மறைக்கல்வி நூல், பாட்டுப் புத்தகம், தம்பியின் பந்து, தம்பியின் செருப்பு! எங்கள் எல்லாரையும் அவள் அச்சத்தோடு பார்த்தாள். பின்பு மெல்லச் சொன்னாள்: "இடம் இருந்துச்சு ஃபாதர். அதனாலதான் அம்மா எல்லாத்தையும் இதுலயே வச்சுட்டாங்க."

"இடம் இருந்தது." அச்சிறுமியின் இந்த இரண்டு சொற்களைத்தான் இத்திங்கள் உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

அன்று மாலை அவளுடைய தாயாரிடம் நடந்ததைக் கூறினேன். அந்த அம்மையாரின் கண்கள் கலங்கிவிட்டன. "பள்ளிக்கூடம் தொறந்ததுலேருந்து முதுகு வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சாமி. போறதுக்குச் சோம்பல்பட்டுச் சொல்றான்னு நெனச்சு ரெண்டு அடிகூட வச்சுட்டேனே" என்றார். அவர் தம்மைக் குற்றம் சாட்டிக்கொண்டார். ஆனால் அந்தப் பையை வாங்கிக் கொடுத்தது யார்?

எங்கள் பிழை

வெளிநாட்டில் பணிபுரியும் நல்லுள்ளம் படைத்த ஒருவர் பிள்ளைகளுக்கென்று பணம் அனுப்பியிருந்தார். பங்குப் பேரவையினர் இருவருடன் நானே கடைக்குச் சென்றேன். முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லார்க்கும் ஒரே அளவாக எடுத்தால் விலை குறையும் என்றார் கடைக்காரர். எந்த அளவு என்ற கேள்வி எழுந்தபோது, "வளரும் பிள்ளைகள்தாமே! பெரிதாக இருந்தால் நான்கு ஆண்டுகளுக்கு வரும்" என்று தீர்ப்புக் கூறியவன் நானே. தீபாவளிச் சட்டையையும் பள்ளிச் சீருடையையும் இரண்டு விரல் பெரிதாகத் தைப்பது நம் குடும்பங்களின் வழக்கமன்றோ? அவ்வழக்கத்தையே பைக்கும் பொருத்திவிட்டேன். பெரிய சட்டையை மடித்துவிடலாம்; அதனால் எவருக்கும் வலிப்பதில்லை. பெரிய பையோ நிரப்பப்படுவதற்காகக் காத்திருக்கிறது. இடம் இருக்கும்வரை நாம் திணித்துக்கொண்டேயிருப்போம். பை பெரிதானால் சுமை பெரிதாகும். சுமை பெரிதானால் முதுகு வளையும்.

திங்கட்கிழமை காலை அச்சிறுமியின் பள்ளிப் பையைப் பக்கத்திலுள்ள வெங்காய வியாபாரியின் தராசில் வைத்துப் பார்த்தோம். 6 கிலோ 800 கிராம்! அவளையும் நிறுத்துப் பார்த்தோம், 28 கிலோ. அவளுடைய எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அவள் முதுகில் நாள்தோறும் ஏறி இறங்கியிருக்கிறது. வளர்ந்த ஆடவர் ஒருவர் 60 கிலோ எடையுள்ளவர் என்று கொள்வோம். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் 15 கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு பேருந்தில் நின்று வா என்றால் அவர் ஒப்புவாரா? பிள்ளை ஒப்பிற்று, வேறு வழி அதற்குத் தெரியாது.

புத்தகப் பையின் வரலாறு

இத்துன்பம் நம் நாட்டில் புதிதன்று. இதைக் கண்டு வருந்தியோரும் உளர். சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண், 1980-களில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானபோது, தம் முதல் உரையிலேயே எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமைதான். பின்னர் அறிவியலறிஞர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, சுமையற்ற கல்வியை வலியுறுத்தும் தன் அறிக்கையை 1993-இல் அளித்தது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை புகுத்தப்பட்டு, தடித்த பாடநூல்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்றும், புத்தகச் சுமையைக் குறைக்க நடவடிக்கை வேண்டுமென்றும் ஆணையிட்டது. 2020-இல் நடுவண் அரசு பள்ளிப் பைக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

அக்கொள்கையின் சாரத்தைப் பெற்றோர் ஒவ்வொருவரும் மனத்திற்கொள்ளுதல் நலம். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. மழலையர் வகுப்பிற்குப் பையே வேண்டா. முதல் இரண்டு வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோ, மூன்று முதல் ஐந்து வரை 1.7 முதல் 2.5 கிலோ, ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ, எட்டாம் வகுப்பிற்கு 2.5 முதல் 4 கிலோ. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 2.5 முதல் 4.5 கிலோ, மேல்நிலை வகுப்புகளுக்கு 3.5 முதல் 5 கிலோ. பள்ளியிலே நல்ல குடிநீர் கிடைக்கச் செய்தால் தண்ணீர்ப் போத்தலின் சுமை குறையும் என்றும், பையை நிறுக்கப் பள்ளியில் எடைப்பொறி இருத்தல் வேண்டும் என்றும் அக்கொள்கை கூறுகிறது.

ஆணைகள் உள, அறிக்கைகள் உள. ஆயினும் இரவில் பையை அடுக்குவது வீட்டிலன்றோ? எம் சிறுமியின் பையிலிருந்து நாங்கள் எடுத்தவற்றைக் கேளுங்கள்: அன்றைய பாட அட்டவணையில் இல்லாத மூன்று புத்தகங்கள், முடிந்துபோன பருவத்தின் இரண்டு நோட்டுகள், இரும்பு டப்பாவில் வண்ணப் பென்சில்கள், ஞாயிறு மறைக்கல்வியிலிருந்து அப்படியே தங்கிவிட்ட நூல் ஒன்று. கடைசியாகக் கூறியது எங்கள் பங்கின் கொடை! இவற்றை நீக்கியவுடன் தராசின் எண் 4 கிலோவுக்குக் கீழே இறங்கியது. பாதிச் சுமையை வீட்டிலேயே இறக்கிவைத்துவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, பை வாங்கும் முறையைக் கூறுகின்றேன். இது அனுபவத்தால், அதுவும் தவறிய அனுபவத்தால் கற்றது.

முதலாவதாக, கடைக்குச் செல்லுமுன் வீட்டில் அமர்ந்து, இப்பையில் என்னென்ன வைக்கப்போகிறோம் என்று பொருள்களை எடுத்துத் தரையில் பரப்புங்கள். வேண்டாதவற்றை நீக்குங்கள். எஞ்சியவற்றுக்குப் போதுமான அளவே உங்கள் பையின் அளவு. கடைகளில் பையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். நாளன்றாடம் அலுவலகத்திற்கோ கல்லூரிக்கோ செல்வோர்க்கு 20 முதல் 25 லிட்டர் போதும். இரண்டு மூன்று நாள் பயணத்திற்கு 35 முதல் 40 லிட்டர் பை தாராளமானது. அதற்கு மேற்பட்டதை வாங்குமுன், அதைச் சுமக்கப்போவது நம் தோள்தான் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்க.

இரண்டாவதாக, சுமக்கப்போகிறவரை உடனழைத்துச் செல்லுங்கள். பிள்ளை இல்லாமல் பிள்ளைக்குச் செருப்பு வாங்குவோமா? பையின் மேல்விளிம்பு தோளுக்கு மேல் உயரலாகாது. கீழ்விளிம்பு இடுப்பிலே நிற்கவேண்டும். தாழ்ந்தால் நான்கு விரற்கடைக்கு மேல் தாழலாகாது. அகலம் முதுகின் அகலத்திற்குள் அடங்கவேண்டும்.

மூன்றாவதாக, வார்களைப் பாருங்கள். இரண்டு வார்கள் வேண்டும். அவை அகலமாகவும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தனவாகவும் இருத்தல் வேண்டும். மெல்லிய வார் தோளின் தசையை அறுக்கும். நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வேண்டும். பை முதுகோடு ஒட்டி நிற்கும்வரை வாரை இழுத்துவிடவேண்டும். நம் இளைஞர்கள் அழகென்று கருதி வாரைத் தளர்த்திப் பையைத் தொங்கவிடுகின்றனர். ஒரு தோளில் மட்டும் மாட்டிக்கொள்கின்றனர். தொங்கும் பை உடலைப் பின்னால் இழுக்கும், அதை ஈடுசெய்ய உடல் முன்னால் வளையும், கழுத்து நோகும். ஒரு தோளில் தொங்குவதோ முதுகெலும்பைப் பக்கவாட்டில் சாய்க்கும்.

நான்காவதாக, வெறும் பையின் எடையைப் பாருங்கள். வெறுமையாக இருக்கும்போதே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் பை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பங்கில் மூன்றிலொன்றைத் தானே தின்றுவிடும். சக்கரங்களும் பளபளப்பான பொம்மைகளும் எடையைக் கூட்டுவன.

ஐந்தாவதாக, தையலைச் சோதியுங்கள். வார் பையோடு சேரும் இடத்தில் இரட்டைத் தையலோ குறுக்குத் தையலோ இருக்கவேண்டும்; பெரும்பாலான பைகள் அங்குதான் அறுகின்றன. ஜிப்பைப் பத்துமுறை இழுத்து மூடிப் பாருங்கள். மழைக்காலத்தில் புத்தகம் நனையாத துணிதானா என்று கேளுங்கள். கடைசியாக, கடையிலேயே சுமார் இரண்டு மூன்று கிலோ பொருளை உள்ளே வைத்து, மாட்டிக்கொண்டு சிறிது நேரம் நடந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. கனமான நூல்கள் முதுகை ஒட்டி இருக்கவேண்டும், இலேசானவை வெளியே. பை மாட்டிய பிள்ளையை எடைப்பொறியில் ஒருமுறை நிறுத்துங்கள். பை இல்லாமல் ஒருமுறை நிறுத்துங்கள். கழித்தால் பையின் எடை கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்வது பெரிய தொல்லையன்று. இவ்வளவும் செய்த பின்னும் வலி தொடர்ந்தால், அல்லது கையில் மரத்துப்போன உணர்வு தோன்றினால், தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுக.

முன்னோர் அறிந்த உண்மை

சுமையை உடலுக்கேற்ப அமைத்தல் நம் முன்னோர்க்குக் கைவந்த கலை. நான் குருமடத்தில் சேரப் புறப்பட்ட நாளில் என் தந்தையார் என் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் பெட்டியை வைத்து, கையை வீசிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். சும்மாடு செய்வது என்ன? ஓரிடத்தில் அழுந்தும் பாரத்தைப் பரவலாக்குகிறது. பாரத்தை முதுகெலும்பின் நேர்மேலே நிறுத்துகிறது. இன்று பஞ்சு வைத்த வார் செய்யும் வேலை அதுவே.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் வசதியாக ஆள் உயரத்திற்கு அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தவளின் நினைவு, வழிச்செல்வோரின் தலைச்சுமையை இறக்க உதவட்டும் என்ற அந்த எண்ணத்தின் ஆழம் வியக்கத்தக்கது.

மேலைநாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்தோர் இருந்தனர். 1991-இல் ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலருகே வளைந்த மரச்சட்டம் ஒன்று கிடைத்தது; அது முதுகிற் சுமப்பதற்கானது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நார்வே நாட்டு ஓலே பெர்கன் என்பவர், முதுகின் வளைவிற்கேற்ப வளைத்த சட்டத்தோடு கூடிய முதுகுப்பைக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார். முதுகின் வடிவைப் பார்த்தே அவர் பையின் சட்டத்தை வளைத்தார்.

வேலைக்கும் பயணத்திற்கும்

வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் பலர் இருசக்கர வண்டியில் நெடுந்தொலைவு செல்கின்றனர். மடிக்கணினி வைப்போர், அதற்கென முதுகை ஒட்டித் தனியறை உள்ள பையாகப் பார்த்து வாங்குக. வண்டியில் அமரும்போது பையின் அடிப்பாகம் இருக்கையின்மேல் தங்குமாறு வாரை அமைத்துக்கொண்டால் தோளுக்கு ஓய்வு கிடைக்கும். வார்களின் நுனிகள் தொங்கிச் சக்கரத்தில் சிக்காதபடி முடிந்துவிடுங்கள். ஒற்றைத் தோள்பை மாட்டிச் செல்லும் ஆசிரியைகளும் செவிலியரும் தோளை அடிக்கடி மாற்றிக்கொள்க. வாரம் ஒருமுறை பையைக் கவிழ்த்து வேண்டாதவற்றை அகற்றுக. விமானத்தில் வேலைக்குச் செல்வோர், கையோடு கொண்டுசெல்லும் பைக்கு உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி என்பதை வீட்டிலேயே நினைவிற்கொள்ளுதல் நலம்.

பயணம் என்றவுடன் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நினைவிற்கு வருவது வேளாங்கண்ணி நடைப்பயணமே. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றம்; செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா. அந்நாள்களில் காவியுடை அணிந்த மக்கள் கூட்டங்கூட்டமாக நம் சாலைகளில் நடந்து செல்கின்றனர். வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையைக் காணவும் நடந்து செல்வோர் உண்டு. இவர்களில் சிலர் முதல் நாளிலேயே தோள்வலியால் சோர்ந்து சாலையோரம் அமர்ந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

நடைப்பயணிக்கு வேண்டுவன மிகச் சில: ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாக உண்ணும் மருந்து, கால் கொப்புளத்திற்குக் களிம்பு, செபமாலை, கைவிளக்கு. பெயரும் உறவினரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று உட்பையில் இருக்கட்டும். மற்றவற்றை உடன்வரும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். நீண்ட நடைக்கான பையில் இடுப்பு வார் இருத்தல் மிக நன்று. அதை இடுப்பெலும்பின்மேல் இறுக்கிக் கட்டினால், தோளில் அழுத்தும் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பிற்கு இறங்கிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, பையின் பின்புறம் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள் அல்லது ஒட்டிக்கொள்ளுங்கள். அதிகாலை இருளில் நெடுஞ்சாலையில் நடப்போரின் உயிரைக் காக்கவல்லது அது. செலவு மிகக் குறைவு. அதை மறப்பதால் வரும் இழப்போ ஈடுசெய்ய இயலாதது.

ஆண்டவர் இயேசு எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, பணப்பையோ வேறு பையோ கொண்டுசெல்ல வேண்டாம் என்றார் (லூக்கா 10:4). அதே லூக்கா நற்செய்தியில், தம் பாடுகளுக்கு முந்திய இரவில், அன்று பையின்றிச் சென்றபோது உங்களுக்கு ஏதேனும் குறைவாயிருந்ததா என்று வினவுகிறார். இல்லை என்கின்றனர் சீடர். உடனே, இப்பொழுது பை உள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் (22:35-36). இஃது என்ன முரண்பாடு என்று சிலர் வினவலாம். முரண்பாடு ஏதுமில்லை. ஒவ்வொரு பயணத்திற்கும் அதற்குரிய தேவை உண்டு. அத்தேவையைத் தேர்ந்து தெளிதலே அறிவுடைமை. வெறுங்கையோடு செல்லவேண்டிய நாளும் உண்டு. பையோடு செல்லவேண்டிய நாளும் உண்டு.

மஞ்சப்பையின் மாண்பு

நாளன்றாடம் கடைத்தெருவிற்குச் செல்ல எந்தப் பை சிறந்தது? இதற்கு விடை நம் பாட்டிமார் கையிலேயே இருந்தது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு நகரத்திற்கு வருபவரைப் பட்டிக்காட்டான் என்று எள்ளி நகையாடினர். பின்னர் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் வந்து, நம் வாய்க்கால்களையும் மாடுகளின் வயிற்றையும் அடைத்தன. 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. எள்ளப்பட்ட பை ஏற்றம் பெற்றுவிட்டது! மடித்தால் சட்டைப்பையில் அடங்கும், துவைத்தால் புதிதாகும். ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் திணித்து ஒரு கையால் இழுப்பதைவிட, இரண்டு சிறிய பைகளில் பிரித்து இரு கைகளிலும் பிடிப்பது உடலுக்கு நல்லது.

நிறைவாக

சிறுவன் தாவீது கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்டபோது, அரசர் சவுல் அன்போடு தம் கவசத்தையும் வெண்கலத் தலைச்சீராவையும் வாளையும் அவனுக்கு அணிவித்தார். விலையுயர்ந்த, உறுதியான, அரசருக்கே உரிய கவசம்! தாவீது நடந்து பார்த்தான், இயலவில்லை. நாணாமல் கழற்றி வைத்தான். பின்பு ஓடையிலிருந்து ஐந்து கூழாங்கற்களை எடுத்துத் தன் ஆயர்ப் பையில் போட்டுக்கொண்டு சென்றான் (1 சாமுவேல் 17). கொடுத்தவரின் அன்பில் குறையில்லை. கொடுத்த பொருளிலும் குறையில்லை. பெற்றவனின் உடலுக்குத்தான் அது பொருந்தவில்லை. எம் நீலப் பைகளின் கதையும் இதுவே. கொடுப்பவன் தன் மனநிறைவை நோக்குகிறான்; சுமப்பவனின் தோளை நோக்கக் கற்கவேண்டும். அரசர் கொடுத்ததைக் கழற்றி வைக்கத் தாவீதுக்குத் துணிவிருந்தது; பங்குத்தந்தை கொடுத்ததைப் பொருந்தவில்லை என்று சொல்ல எம் பிள்ளைகளுக்குத் துணிவில்லை. ஆகவே அவர்கள் சொல்லாமலே நாம் அறிந்துகொள்ளவேண்டும்.

தூய பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்குக என்கிறார். அடுத்த சில வரிகளிலேயே, ஒவ்வொருவரும் தத்தம் சுமையைச் சுமக்கவேண்டும் என்கிறார். மூலமொழியாகிய கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முன்னது ஒருவரை அழுத்தி நசுக்கும் பாரம்; பின்னது அவரவர்க்கு உரிய, அவரவர் சுமக்கத்தக்க மூட்டை. பிள்ளை தன் புத்தகத்தைத் தானே சுமக்கட்டும். அது அவன் கடமை, அவனை வளர்ப்பது. அவனை நசுக்குவதை மட்டும் பெற்றோரும் ஆசிரியரும் குருக்களும் இறக்கிவைக்கவேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். பைகளைத் திரும்பப் பெற்று, பெரியவற்றை உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்க்கும் கொடுத்துவிட்டோம். சிறு பிள்ளைகளை இரண்டு வண்டிகளில் கடைக்கே அழைத்துச் சென்று, ஒவ்வொருவரையும் மாட்டிப் பார்க்கச் சொல்லி வாங்கினோம். மறைக்கல்வி நூல்களும் பாட்டுப் புத்தகங்களும் இப்போது வகுப்பறை அலமாரியிலேயே தங்குகின்றன. அவ்வறையின் மூலையில் ஓர் எடைப்பொறி நிற்கிறது. அச்சிறுமியை மருத்துவரிடம் காட்டினோம். எலும்பில் பழுதில்லை, தசைப்பிடிப்புத்தான் என்றார். இரண்டு வாரங்களில் வலி நீங்கியது. அவளுடைய தாயார் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் வந்து, "அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன் சாமி" என்றார். நானும் அவளிடம் கேட்டுவிட்டேன்.

அன்புப் பெற்றோரே, இன்றிரவு மாலைச் செபம் முடிந்ததும் உங்கள் பிள்ளையின் பையை அவனோடு அமர்ந்து ஒருமுறை திறந்து பாருங்கள். நாளை வேண்டாததை எடுத்து வையுங்கள். எது கனக்கிறது என்று அவனைக் கேளுங்கள். புத்தகங்களை எடுத்த பின்னும் அவன் முகம் தெளியாவிடில், மீண்டும் கேளுங்கள். பையில் வைக்கமுடியாத சுமைகளும் பிள்ளைகளுக்கு உண்டு.

பாரஞ்சுமந்து சோர்ந்திருப்போரைத் தம்மிடம் அழைக்கும் ஆண்டவர் உங்கள் இல்லத்தின் சுமைகளை இலகுவாக்கி, உங்களை ஆசீர்வதிப்பாராக!